கோம்பை நாய்

பண்ணைப்புரம் என்றவுடன், 1943-ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த இளையராஜாவின் இசைதான் உங்கள் நினைவுக்கு வரும். அவ்வூரிலேயே வளர்ந்த எனக்கோ இன்னுமொரு குரல் நினைவுக்கு வருகிறது. நிலக்கடலை விளையும் காலத்தில் மலையடிவாரத் தோட்டங்களில் நள்ளிரவில் எழும் நாயின் குரல் அது. காட்டுப்பன்றி இறங்கிவிட்டது என்பது அதன் பொருள்.

அந்த நாய்க்கு அடுத்த ஊராகிய கோம்பையின் பெயரே வழங்குகிறது. செவலை நிறம், கரிய முகம், தொங்கும் காது, அகன்ற மார்பு. உயரம் ஏறத்தாழ இரண்டடி. சமவெளிக்குரிய சிப்பிப்பாறை நாயோ மெலிந்த உடலுடையது. முயலைத் துரத்தி ஓடப் பிறந்தது. கோம்பை நாயின் வேலை வேறு. பன்றி ஓடுவதோடு நில்லாது. திரும்பி நின்று கோரைப்பல்லால் வயிற்றைக் கிழித்துவிடும். அதனை எதிர்த்து நிற்க விரைவு மட்டும் போதாது. உரமும், நெருங்கவேண்டிய நேரத்தையும் விலகவேண்டிய நேரத்தையும் அறியும் அறிவும் வேண்டும். பாளையக்காரர் காலத்து வேட்டையிலும், மலைமாட்டுக் கிடைகளின் காவலிலும் தேறியவற்றையே மக்கள் பேணி வளர்த்தனர்.

நாயினத்தை உருவாக்குவது தொழிலே என்பதற்குக் கடல் கடந்தும் சான்று உண்டு. போர்ச்சுக்கல் நாட்டு மீனவர் ஒருவகை நீர்நாயை வளர்த்தனர். (ஆற்றில் வாழும் நீர்நாய் அன்று, வீட்டு நாயேதான்!) அது கடலில் குதித்து, மீன்களை வலைக்குள் விரட்டும், படகுக்குப் படகு செய்தியும் சுமந்து செல்லும். மீன்பிடி முறைகள் மாறவே அதன் வேலை போயிற்று. 1930-களில் இனமே அருகிவிட்டது. வாஸ்கோ பென்சௌடே என்னும் செல்வர் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து வளர்த்திராவிடில், அது அப்போதே அற்றுப்போயிருக்கக்கூடும்.

நம் கோம்பை நாய்க்கும் அத்தகைய திருப்பம் நேர்ந்தது. 1972-இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அது வேண்டிய சட்டமே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நாயின் பாதித் தொழில் அன்றோடு முடிந்தது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம் மட்டுமே இடம்பெற்றது. கோம்பைக்காரர்களுக்கு அது சிறிது வருத்தந்தான்.

எஞ்சியிருப்பது காவல் தொழில். அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, குட்டி வாங்க வந்த நகரத்தார் ஒருவரைக் கண்டேன். முகத்தின் கருமை காது வரை ஏறியிருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார், விலை பேசினார். தாய் நாய் எந்தத் தோட்டத்தில் காவல் இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை.