மறு கண்ணையும் அளக்கச் சொல்லும் நோய்

இரவில் தெருவிளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். சற்று நேரத்தில் ஒரு கண் சிவந்து, பார்வை மங்கி, அந்தப் பக்கத்துத் தலையே பிளந்துவிடும்போல் வலிக்கும். பிறகு குமட்டல், வாந்தி. வாந்தியைப் பார்த்தவர்கள் பித்தம் என்பார்கள். தலைவலியைக் கேட்டவர்கள் ஒற்றைத் தலைவலி என்பார்கள். கண்ணில் அழுத்தத்தை அளந்து பார்த்தால்தான் சங்கதி புரியும். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டிய அழுத்தம் 50, 60 என்று ஏறியிருக்கும். திடீரெனக் கோணம் மூடிக்கொள்ளும் கிளாக்கோமா இதுதான். கவனிக்காமல் விட்டால், மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ பார்வை நரம்பு பட்டுப்போகும்.

நோய் இன்னதென்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கோணம் எதனால் மூடியது என்பது மீதிப் பாதி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவந்த கண், ஒரே கடுத்த வலி. உள்ளே காரணங்களோ நான்கைந்து. ஒரு காரணத்துக்குப் பார்வையைக் காக்கும் சொட்டு மருந்து, இன்னொரு காரணத்தில் நிலைமையை மோசமாக்கும். இந்தக் காரணங்களைப் பிரித்துக் காட்டும் வேறுபாடு பல நேரங்களில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் அந்தக் கோணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கண்ணின் முன்புறம் தெளிவாக இருப்பது கருவிழி. அதன் பின்னால் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும் வட்டத் திரை ஐரிஸ். நடுவில் உள்ள துளை பாப்பா. பாப்பாவுக்குப் பின்னால் லென்ஸ். கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட இடத்தை முன்னறை என்கிறோம். ஐரிஸுக்குப் பின்னாலுள்ள சுரப்புத் திசுவிலிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோ லிட்டர் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்றரை மி.லி. வரும். அந்த நீர் லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் நடுவே நழுவி, பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் விளிம்பில் வடிகிறது. அந்த விளிம்புதான் கோணம். வடிகால் அடைபட்டாலும் ஊற்று நிற்பதில்லை. அதனால்தான் அழுத்தம் இவ்வளவு வேகமாக ஏறுகிறது.

கோணத்தை மூடும் காரணங்களில் முதலிடம் பாப்பா அடைப்புக்கு. ஐரிஸ் லென்ஸின் மேல் நெருங்கிப் படிந்துவிட, பின்னால் தேங்கும் நீர் அதைக் காற்று பிடித்த பாய்மரம்போல் முன்னே புடைக்க வைக்கிறது. புடைத்த ஐரிஸ் கோணத்தை அடைக்கிறது. இரண்டாவது, ஐரிஸின் வேர்ப்பகுதியே இயற்கையில் முன் தள்ளி அமைந்திருப்பது. மூன்றாவது, முற்றிய புரையால் பருத்தோ, பிடிமான நார்கள் தளர்ந்து இடம் பெயர்ந்தோ லென்ஸ் முன்னே வருவது. நான்காவது, கண்ணின் பின்பகுதியில் நீர் கோத்து, லென்ஸையும் ஐரிஸையும் சேர்த்து முன்னுக்குத் தள்ளுவது. பெர்லினில் பணியாற்றிய கண் மருத்துவர் ஃபான் கிரேஃபே 1857-இலேயே ஐரிஸில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இந்த நோயின் வலியைத் தீர்த்துக் காட்டினார். ஆனால் அது ஏன் பலிக்கிறது என்பது அவர் காலத்தில் தெளிவாகவில்லை. பாப்பாவில் நீர் தடைபடுவதை 1920-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் கர்ரன் எடுத்துச் சொன்ன பிறகுதான் காரணமும் வைத்தியமும் ஒன்றோடொன்று பொருந்தின. இன்று அதே வேலையை லேசர் செய்கிறது: ஐரிஸின் ஓரத்தில் நுண்ணிய துளை போட்டு, நீருக்கு மாற்றுப்பாதை கொடுக்கிறார்கள்.

கோணத்தை நேரே பார்த்துவிட்டால் அளவு எதற்கு என்று கேட்கலாம். பார்க்க முடியாது என்பதுதான் இதில் வியப்பு. கோணத்திலிருந்து கிளம்பும் ஒளி கருவிழியின் உட்புறத்தில் மிகச் சாய்வாக மோதுவதால், வெளியே வராமல் முழுவதும் உள்ளுக்கே திரும்பிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான். கருவிழியின் மேல் கண்ணாடி பதித்த ஒரு சிறப்பு லென்ஸை வைத்தால்தான் அந்த ஒளியைப் பிடிக்கலாம். கோனியோஸ்கோப்பி எனப்படும் இந்தச் சோதனையே இன்றும் முதன்மையானது. ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும்போது அழுத்தத்தால் கருவிழி நீர் கோத்து, ஆவி படிந்த கண்ணாடியாக மங்கியிருக்கும். பார்க்க வேண்டிய நேரத்தில் ஜன்னல் மூடிக்கொள்கிறது. அப்போது கைகொடுப்பவை அளவுகள்.

அளக்கும் விதம் இப்படி: மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, பென்சில் நுனி அளவுள்ள ஒலிமுனையைக் கருவிழியின் நடுவில் வைக்கிறார்கள். காதுக்குக் கேட்காத ஒலித்துடிப்பு கண்ணுக்குள் போகிறது. பரப்பு மாறும் இடத்திலெல்லாம் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்புகிறது. திரையில் வரிசையாகக் கூரான முகடுகள் எழும்: முதலில் கருவிழி, அடுத்து லென்ஸின் முன்முகம், பிறகு அதன் பின்முகம், கடைசியில் விழித்திரை. கண்ணுக்குள் உள்ள நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,532 மீட்டர் வேகத்தில் போகும். லென்ஸுக்குள் 1,641 மீட்டர். 3 மி.மீ. ஆழமுள்ள முன்னறையைக் கடந்து திரும்ப ஒலிக்கு 4 மைக்ரோ நொடிகூட ஆகாது. அந்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. முகட்டுக்கு முகடு உள்ள இடைவெளிதான் முன்னறையின் ஆழம், லென்ஸின் தடிமன், கண்ணின் முழு நீளம்.

இதில் கைப்பழக்கம் முக்கியம். ஒலிமுனையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் கருவிழி உள்ளே அமுங்கி, முன்னறை இருப்பதைவிட ஆழம் குறைந்ததாகக் காட்டும். பத்தில் ஒன்றிரண்டு மி.மீ. பிசகினால் நோயின் பெயரே மாறக்கூடிய இடம் இது. அதனால்தான் கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவிகள் பெரும்பாலான இடங்களில் ஒலிக்கருவியின் இடத்தைப் பிடித்துவிட்டன. புரை அறுவைக்கு முன் பெரும்பாலோரை உட்கார வைத்து அளப்பது இவற்றில்தான். கருவிழி மங்கி ஒளி நுழையாத கண்ணுக்கு மறுபடி ஒலியையே நாட வேண்டியிருக்கிறது. ஐரிஸுக்குப் பின்னால் நடப்பதைப் படமாகக் காட்டும் நுண்ணொலிக் கருவியும் இருக்கிறது. டொரோண்டோவில் சார்லஸ் பாவ்லினும் ஸ்டூவர்ட் ஃபாஸ்டரும் 1990-ஐ ஒட்டி உருவாக்கியது அது.

அளவுகளுக்கு அர்த்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னைச் சேர்ந்த கண் மருத்துவர் ரொனால்ட் லோ. கோணம் மூடிய கண்களையும் இயல்பான கண்களையும் அளந்து ஒப்பிட்டு 1970-இல் அவர் வெளியிட்ட கணக்கு இன்றும் அடித்தளமாக இருக்கிறது. இயல்பான கண்ணில் முன்னறை ஆழம் சராசரியாக 2.8 மி.மீ.; நோயுற்ற கண்ணில் 1.8. லென்ஸ் தடிமன் அங்கே 4.5, இங்கே 5.1. கண்ணின் நீளம் அங்கே 23, இங்கே 22. சிறிய கண், தடித்த லென்ஸ், அந்த லென்ஸும் சற்று முன் தள்ளி இருப்பது: இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில் பாப்பா அடைப்பு ஏற்படுகிறது. லென்ஸ் நம் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. அதனால் இளமையில் தப்பிய கண் ஐம்பது, அறுபது வயதில் மாட்டிக்கொள்கிறது. தூரப்பார்வை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த நோய் கூடுதலாக வருவதற்குக் கண் சிறியதாக இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

இனி, எண்களை வைத்துத் துப்புத் துலக்குவோம். முன்னறை இரண்டு கண்ணிலும் ஆழம் குறைவு, லென்ஸ் தடிப்பு, நீளம் 22-ஐ ஒட்டி: பெரும்பாலும் பாப்பா அடைப்பு. லேசர் துளை போட்டால் ஐரிஸின் புடைப்பு அடங்கும். முன்னறை நடுவில் ஓரளவு ஆழமாக, ஐரிஸும் தட்டையாக இருந்து, ஓரத்தில் மட்டும் கோணம் மூடியிருக்கிறதா? ஐரிஸின் வேர் முன் தள்ளியிருக்கிறது. லேசர் துளை போட்ட பிறகும் இவர்களுக்குக் கோணம் திறக்காமல் போகலாம்.

ஏமாற்றுவது மூன்றாவது வகை. வலது கண்ணில் தாக்குதல்; முன்னறை ஆழம் 1.7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதை மட்டும் பார்த்தால் வழக்கமான பாப்பா அடைப்பு என்று முடிவு கட்டத் தோன்றும். இடது கண்ணை அளந்தால் 3.0 வருகிறது. இரண்டு கண்ணின் நீளமும் 23.5 தான். பிறவியில் சிறிய கண் என்றால் இரண்டும் சிறியதாக இருந்திருக்க வேண்டும். இரண்டின் முன்னறையும் ஆழம் குறைந்திருக்க வேண்டும். நீளம் ஒன்றாக இருந்து, ஆழத்தில் மட்டும் இவ்வளவு பேதம் என்றால் வலது கண்ணில் லென்ஸ் இடம் பெயர்ந்திருக்கிறதா என்று உடனே சந்தேகிக்க வேண்டும். எப்போதோ பந்தோ கம்போ பட்ட அடியாக இருக்கலாம். மார்ஃபான் போன்ற பிறவிக் கோளாறாக இருக்கலாம். பாப்பா அடைப்பில் நன்மை செய்யும் பைலோகார்ப்பின் சொட்டு மருந்து இங்கே லென்ஸை இன்னும் முன்னுக்கு இழுத்து, அடைப்பை இறுக்கிவிடும். பலருக்கு லென்ஸையே அகற்ற வேண்டியிருக்கும். வலியில்லாத இடது கண்ணை அளக்காமல் விட்டால் இந்தக் காரணம் பிடிபடுவது கடினம்.

நான்காவது வகையில் மாத்திரை எதிரி. வலிப்பு நோய்க்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் டோபிராமேட், மிகச் சிலருக்கு, பெரும்பாலும் எடுக்கத் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள், கண்ணின் பின்படலத்தில் நீர் கோக்க வைக்கிறது. இதைப் பற்றிய எச்சரிக்கை 2001-இல் வெளியானது. இங்கே இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் தாக்கப்படும். முன்னறை இரண்டிலும் ஆழம் குறைந்திருக்கும். ஆனால் கண்ணின் நீளம் இயல்பாகவே இருக்கும். ஆளும் இளவயதினராக இருக்கலாம். அதுவரை கண்ணாடியே போடாதவருக்குத் திடீரெனக் கிட்டப்பார்வை வந்து, தூரத்தில் இருப்பது தெரியாமல் போகும். லேசர் துளையால் பயனில்லை, பைலோகார்ப்பின் கெடுதல். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தி, பாப்பாவை விரிக்கும் மருந்து கொடுப்பதே வழி. வழக்கமான பாப்பா அடைப்பில் எந்த மருந்தைக் கண்டு அஞ்சுகிறோமோ, அதுவே இங்கே மருந்தாகிறது!

எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்றால், இல்லை. கோணம் குறுகியவர்கள் எல்லோரும் தாக்குதலுக்கு உள்ளாவதில்லை. சீனாவின் குவாங்சோவில், கோணம் குறுகிய 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் துளை போட்டு, மறு கண்ணை அப்படியே விட்டு ஆறு ஆண்டு கவனித்தார்கள். நோய் அடுத்த கட்டத்துக்குப் போனது லேசர் செய்த கண்களில் 19, செய்யாதவற்றில் 36. லேசர் காப்பாற்றுகிறது, ஆனால் சும்மா விட்ட கண்களிலும் பெரும்பாலானவை தப்பித்திருக்கின்றன. அளவு ஆபத்து யாருக்குக் கூடுதல் என்று சொல்லும். நாளைக்கே நடக்கும் என்று சோதிடம் சொல்லாது. கோனியோஸ்கோப்பி, நோயாளி சொல்லும் வரலாறு, மருந்துச் சீட்டு எல்லாம் சேர்ந்தால்தான் தீர்ப்பு.

இது எங்கோ இருக்கும் நோயும் அல்ல. சென்னையையும் சுற்றியுள்ள கிராமங்களையும் வைத்து நடந்த சென்னை கிளாக்கோமா ஆய்வில், 40 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 0.9 சதவீதம் பேருக்குக் கோணம் மூடும் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் எல்லோருக்கும் தாக்குதல் வருவதில்லை. பலருக்கு வலியே இல்லாமல் பார்வை தேய்கிறது. நாற்பதுக்கு மேல் ஒரு முறையாவது கோணத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கண்ணில் தாக்குதல் வந்து சரியானவர்கள் மறு கண்ணை மறந்துவிடுகிறார்கள். பாப்பா அடைப்பு என்றால் அந்தக் கண்ணும் அதே அளவுகளோடு பிறந்த கண். தடுப்பு செய்யாமல் விட்டால், ஐந்து பத்து ஆண்டுகளில் பாதிப் பேருக்கு அதிலும் தாக்குதல் வரலாம் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. எனவே கண் சிவந்து, வளையம் தெரிந்து, தலைவலியோடு வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; வலி மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்கவும் வேண்டாம். கண் மருத்துவரிடம் அன்றிரவே போங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், பழைய அடி எதுவும் பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்காத கண்ணையும் அளந்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.