பழைய காரின் ஸ்டியரிங் தண்டு: பொருத்தும் முறையும் உரிமையாளர் அறிய வேண்டிய சட்டமும்

ஓட்டுநர் பிடிக்கும் வளையத்தையும் முன்சக்கரங்களைத் திருப்பும் பல்லமைப்பையும் இணைப்பது ஸ்டியரிங் தண்டு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற கார்களின் உற்பத்தி நின்றுவிட்டதால், தண்டோ அதைத் தாங்கும் புஷ்ஷோ தேய்ந்தால் பழைய இருப்பையும் கழித்த வண்டிகளின் பாகங்களையுமே நம்ப வேண்டியிருக்கிறது. பெங்களூரு ஈஜிபுராவில் இப்படியொரு கார் வைத்திருப்பவர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் பாகம் தேடி, தெருமுனை மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுப்பது சாதாரணம். இந்த வேலையில் நேரும் பிழை வெளிப்பார்வைக்குத் தெரியாது.

சரியான பொருத்தம்

தண்டைப் பொருத்துவதில் வரிசை முக்கியம். கீழே பல்லமைப்பின் போல்ட்களையும் மேலே டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள பிடிப்பானையும் முதலில் தளர்வாகவே மாட்ட வேண்டும். தண்டு எந்தப் பக்கமும் இழுபடாமல் இயல்பாக அமர்ந்த பிறகே இரண்டையும் இறுக்க வேண்டும். பிடிப்பானுக்கும் தண்டுக்கும் இடைவெளி இருந்தால் தகடு வைத்து நிரப்புவதே முறை. போல்ட்டை இறுக்கித் தண்டை வளைத்து இழுக்கக் கூடாது. இழுத்துப் பொருத்திய தண்டில் ஸ்டியரிங் கனக்கும். திருப்பத்துக்குப் பின் வளையம் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. புஷ் சீக்கிரம் தேயும்.

அடுத்தது நடுநிலை. வளையம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, அதில் பாதியில் பல்லமைப்பை நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்த பிறகே வளையத்தை மாட்ட வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் திருப்பினால், எந்த இடத்திலும் சிக்காமல் ஒரே சீராகச் சுழல வேண்டும். வீல் அலைன்மென்ட் இதற்குப் பிறகு செய்யும் வேறு வேலை. அங்கே தரும் கணினித் தாள் சக்கரக் கோணங்களைத்தான் காட்டும். தண்டு நேராக உள்ளதா என்பதை அது சொல்லாது.

ஆபத்துகள்

இணைப்பை இறுக்கும் போல்ட் தண்டின் பள்ளத்தில் அமராவிட்டால், தண்டு நழுவி ஸ்டியரிங் முழுவதுமாகக் கைவிட்டுப் போகலாம். நீளம் போதாத தண்டை வெட்டி வெல்டிங் வைப்பதும் அதே அளவு ஆபத்தானது. சூடுபட்ட இடத்தில் எஃகின் வலிமை குறைந்து, முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். பழைய கார்கள் பலவற்றில் தண்டு மோதலில் மடங்காத ஒரே கம்பி; நேர் மோதலில் அது ஓட்டுநரின் மார்பை நோக்கித் தள்ளப்படும். 2017-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இழுபட்ட ஈஜிபுரா மேம்பாலப் பணியைப் போன்ற வேலைகள் நடக்கும் சாலைகளில், குழியில் பலமாக விழுந்தெழுந்த வண்டியின் போல்ட்களையும் பால் ஜாயின்ட்களையும் (ஸ்டியரிங் இணைப்புகளின் உருண்டை மூட்டுகள்) உடனே பார்ப்பது நல்லது.

சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98-ஆம் விதிப்படி வளையத்தின் வெற்றாட்டம் (சக்கரம் திரும்பாமல் வளையம் மட்டும் ஆடும் அளவு) 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. 40 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் இது ஏறக்குறைய 10 செ.மீ. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் உறை வேண்டும். போல்ட்களும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. பழுது தெரிந்தே வண்டியைச் சாலையில் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதம். அதனால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. 50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021-இல் தனி வின்டேஜ் பதிவு வந்தது. அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

உரிமையும் தீர்வும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பணம் வாங்கிக்கொண்டு குறைபாடாகச் செய்த பழுதுபார்ப்பு 'சேவைக் குறைபாடு'. வேலைக்கு ரசீது தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. எனவே வேலை தொடங்கும் முன்பே மாற்றப்போகும் பாகங்கள், அவை புதியவையா பழையவையா, கூலி எவ்வளவு என்பதை எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மெக்கானிக்குக்கும் உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆம் பிரிவின்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கலாம். ஆனால் வேறு பழைய பாக்கிக்காக அந்தப் பிரிவைக் காட்டி வண்டியைப் பிடித்து வைக்க முடியாது.

வேலையில் குறை தெரிந்தால் முதலில் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். வேறொருவர் கைவைப்பதற்குள் படம் எடுத்து, அனுபவமுள்ள இன்னொரு மெக்கானிக்கிடம் எழுத்து அறிக்கை பெற்று, வேலை செய்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் புகார்க் கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், சென்னையில் வேலை செய்து வாங்கிய காருக்கும் ஈஜிபுராவாசி பெங்களூரிலேயே நிவாரணம் கேட்க முடியும். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் பதிவாக வேண்டும். திருமணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடும் காராக இருந்தால், அது சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டினால்தான் உரிமையாளர் நுகர்வோராகக் கருதப்படுவார். அப்படிக் காட்ட முடியாதவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.