பத்துக்குப் பதினைந்து அறையில் மத்தியதரைக் கடல்!

வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் சிவப்பு மண்தொட்டியில் ஒரு செடி. பெயிண்டுக் கடையில் வண்ணப் புத்தகத்தைப் புரட்டினாலும் சரி, தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்தாலும் சரி, இந்தப் படம் கண்ணில் படாமல் போகாது. "மத்தியதரைக் கடல் பாணி" என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின், மொராக்கோ முதலிய நாடுகளின் கடற்கரை ஊர்களில் உள்ள வீடுகளைப் பார்த்து எடுத்த பாணி இது.

டிராம்பேயில், சீட்டா கேம்ப் சந்துகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது ஒத்துவருமா? பங்களாக்காரர்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அந்தப் பாணி பிறந்ததே மீனவர்களும் மாலுமிகளும் தோட்டத் தொழிலாளிகளும் குடியிருந்த சின்னஞ்சிறு வீடுகளில்தான். கையில் காசில்லாதவர்கள், அக்கம்பக்கத்தில் கிடைத்த சுண்ணாம்பையும் களிமண்ணையும் வைத்து வெயிலைச் சமாளித்த விதம் அது. பணக்காரர்கள் பிற்பாடுதான் அதைக் கண்டு ஆசைப்பட்டார்கள்.

ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் நம் பணம் இருக்கிறது.

பெயர்த்து எடுத்த ஊர்

சீட்டா கேம்ப்வாசிகளுக்கு வீட்டுக்குச் செலவு செய்வதில் ஒரு தயக்கம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. இவர்களில் பெரும்பாலோரின் குடும்பங்கள் முன்பு ஜனதா காலனியில் இருந்தவை. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டிய அந்தக் குடியிருப்பு, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் அகற்றப்பட்டது. சுமார் 70,000 பேர் கழிமுகத்துச் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர். குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பதினைந்தடி இடம். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர்தான் கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். குடிசைவாசிகளுக்காக உழைத்தமைக்காக 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்று, 2018-ல் காலமானார்.

காலையில் லாரியில் ஏறி மாலையில் வேறு இடத்தில் இறங்கிய குடும்பத்துக்கு, சுவரோடு ஒட்டிய அழகு என்றால் கொஞ்சம் பயம்தான். கதவையும் பத்ராவையும் கழற்றி எடுத்துப் போகலாம். தரையைச் சுருட்டிக்கொண்டு போக முடியாதே! ஆகவே டிராம்பேயில் வீட்டை அலங்கரிக்க நினைப்பவர் இரண்டு கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்று, கழற்றி எடுத்துப் போகக்கூடியது. மற்றொன்று, சுவரோடு போய்விட்டாலும் மனம் பதறாத அளவுக்கு மலிவானது. நல்லவேளையாக, மத்தியதரைக் கடல் பாணியில் இந்த இரண்டுக்கும் குறைவில்லை.

சுண்ணாம்பும் நீலமும்

கிரேக்கத் தீவுகளின் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை. வெயிலைத் திருப்பி அடிக்கும், பூச்சி புழுவை அண்ட விடாது, விலை குறைவு. கதவிலும் ஜன்னலிலும் சுவர் விளிம்பிலும் தெரியும் அந்த நீலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சலவைக்குப் போடும் நீலத்தூளிலிருந்து! அங்கே அதை "லூலாக்கி" என்கிறார்கள். மிஞ்சிய தூளைச் சுண்ணாம்பில் கலந்து பூசிவிடுவார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஊறிய சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் போட்டுக் கலக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் இருந்ததுதானே. அதையே சற்றுத் தாராளமாகப் போட்டால் கிரீஸ் வந்துவிடும்.

செய்முறை எளிது. சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சுவரில் ஒட்டிக்கொள்வதற்குக் கோந்தோ, கடையில் விற்கும் ஃபெவிகால் டி.டி.எல். போன்றதோ கொஞ்சம் சேர்க்கலாம். தண்ணீராக இரண்டு மூன்று கை பூசுவது நல்லது. கெட்டியாக ஒரே கை பூசினால் உதிரும். நீலத்துக்குத் தூள் நீலமே வாங்க வேண்டும். அது சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலம் சாயம், சுவரில் நிலைக்காது. பூசும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஏற்கெனவே ஆயில் பெயிண்டு அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. சுரண்டி எடுக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பளபளப்புக்காக ஆயில் பெயிண்டு அடிப்பது வழக்கமாகிவிட்டது. கழுவலாம், துடைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சதுப்பு மண்ணிலிருந்து ஈரமும் உப்பும் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும்போது, பெயிண்டு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. இரண்டு மழைக்காலத்தில் கொப்பளம் போட்டு, ஏடு ஏடாக உரிகிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். கையால் தொட்டால் ஒட்டும் என்பது அதன் குறை. இடுப்பளவுக்கு மேலே சுண்ணாம்பு, கீழே லாதி என்று பிரித்துக்கொண்டால் அந்தத் தொல்லையும் குறையும்.

அங்கே மழை வேறு

இங்குதான் கவனம் தேவை. ஏதென்ஸ் நகரில் ஆண்டு முழுவதும் சேர்த்து சுமார் 400 மில்லிமீட்டர் மழை. அதுவும் குளிர்காலத்தில். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. அவர்களுடைய கோடை காய்ந்த கோடை. நம்முடையது வியர்வையில் நனைந்த கோடை. ஆகவே அங்குள்ள வெளிச்சுவர் வெள்ளையை இங்கே வெளிச்சுவரில் பூசினால் ஆகஸ்டில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். சந்தைப் பார்த்த சுவரில் பல வீடுகளில் பளிங்குபோன்ற லாதி ஒட்டியிருப்பதைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. குளியலறையை வெளியே கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கிறதாம்! சாரலும் சாக்கடைத் தெறிப்பும் படும் சுவருக்கு அதைவிட நல்ல கவசம் கிடையாது என்பதே என் கட்சி. போர்ச்சுகல் நாட்டில் வீட்டு முகப்பு முழுவதும் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்திருக்கிறார்கள். அதைப் பார்க்க உலகமே போகிறது.

சொரசொரப்பாகப் பூசும் ஸ்டக்கோ சுவரை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளும் அனல்மின் நிலையமும் லாரிப் போக்குவரத்தும் உள்ள வட்டாரத்தில், அந்தப் பள்ளம் மேடெல்லாம் தூசி தங்கும் பெட்டியாகிவிடும். வீட்டில் இழுப்புக்காரர் ஒருவர் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கூரைக்கு வெள்ளை பூசுவது மிகவும் பயன் தரும். இதில் அலங்காரத்தைவிட ஆறுதல் அதிகம். பத்ராக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்க முயன்றவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இப்போது கடைகளில் கிடைக்கிறது. அகமதாபாத் நகரில் 2017 முதல் குடிசைக் கூரைகளுக்கு இப்படி வெள்ளை பூசி வருகிறார்கள். வீட்டுக்குள் சில டிகிரி வெப்பம் குறைகிறது. தகரத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம். பிடிக்காது, தகரத்தையும் அரிக்கும். பத்ராக்களுக்கு நடுவே ஒளி ஊடுருவும் ஃபைபர் தகடு ஒன்று பொருத்தினால், ஒரே வாசல் மட்டும் உள்ள வீட்டுக்கும் பகல் வெளிச்சம் இறங்கும். வெள்ளைச் சுவர் அந்த வெளிச்சத்தை மூலை வரை கொண்டுபோகும். பகலில் குழல்விளக்கு எரிக்கும் செலவு மிச்சம்.

உடைந்த ஓட்டின் மகிமை

ஸ்பெயினில் பார்சலோனா நகரில் கௌடி என்ற கட்டடக் கலைஞர் 1900 முதல் 1914 வரை ஒரு பூங்காவைக் கட்டினார். அங்குள்ள வளைந்து நெளிந்த நீண்ட ஆசனம் முழுவதும் உடைந்த ஓட்டுச் சில்லுகளால் இழைத்தது. ஊர் ஊராக வந்து படம் எடுக்கிறார்கள். அந்த வேலைக்கு நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர் "சைனா மொசைக்". மும்பையிலும் சென்னையிலும் எத்தனையோ மொட்டை மாடிகளில் அது கிடக்கிறது!

லாதிக் கடைகளில் உடைந்த துண்டுகளை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். வெள்ளை, நீலம், கொஞ்சம் மஞ்சள் என்று கேட்டு வாங்கி, சமையல் ஓட்டாவுக்குப் பின்னால் உள்ள சுவரிலும் மோரியின் மூன்று பக்கத்திலும் பதித்துவிடலாம். ஈரம் ஏறாது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கலாம், கூலி ஒன்றுதான் செலவு. இந்த வேலையில் பொறுமையுள்ள மிஸ்திரியாகப் பார்த்துப் பிடியுங்கள். மூலை கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் பாத்திரம் தேய்க்கும் கை கிழியும்.

தரைக்கு வருவோம். மத்தியதரைக் கடல் வீட்டின் தரை சுட்ட களிமண் ஓடு. அது எண்ணெயை உறிஞ்சும். சமையலும் சாப்பாடும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது. அதே சிவப்பு வேண்டுமானால் ஊரில் போடும் காவித் தரை உண்டு. ஆனால் நிலம் அமுங்கும் இடங்களில் அது நீளமாக விரிசல் விடும். ஆத்தங்குடிக் கல் போன்ற பூப்போட்ட சிமெண்டு லாதி என்றால், விரிந்த இடத்தில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றலாம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை வார்த்து ஆத்தங்குடியில் செய்கிறார்கள். சிமெண்டு லாதி செய்யும் தொழில் மும்பையிலும் பழையது. 1922-ல் தொடங்கிய பாரத் டைல்ஸ், டிராம்பேக்கு எதிரே, கடலுக்கு அப்பால் உள்ள உரணில்தான் ஆலை வைத்தது. அறை முழுவதும் போட முடியாவிட்டால் வாசலில் கோலம்போல் நாலு லாதி போதும். மற்ற இடத்தில் ஷஹாபாத் கல்லே இருக்கட்டும்.

வளைவு, மாடம், தொட்டி

அந்த நாட்டு வீடுகளில் சுவரில் குடைந்த மாடங்கள் அழகாக இருக்கும். நம் பாட்டி வீட்டில் விளக்கு வைத்த மாடக்குழி மாதிரியே. ஆனால் அந்தச் சுவர்கள் இரண்டடிக் கனம். நம் சுவரோ அரைச் செங்கல்; அதிலும் பாதி அடுத்த வீட்டுக்காரருடையது. குடைந்தால் சண்டைதான் மிஞ்சும். வளைவான உச்சி வைத்த பலகை அலமாரி ஒன்று செய்து ஆணியில் மாட்டினால் மாடமாகவே தெரியும். வீடு மாறும்போது கூடவே வரும். அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும், பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கும் இதுவே சரி.

ஸ்பெயினின் கார்டோபா நகரில் மண்தொட்டிகளைத் தரையில் வைப்பதைவிடச் சுவரில் வரிசையாக மாட்டுவது அதிகம். வெள்ளைச் சுவர், நீலத் தொட்டி. அந்த முற்றங்களின் திருவிழாவை 2012-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நடக்க இடம் போதாத நம் சந்துக்கு இந்த யோசனை அளவெடுத்துத் தைத்தது போன்றது. தாராவி கும்பார்வாடாவில் மண்தொட்டி வாங்கலாம். கழுவிய எண்ணெய் டின்னும் ஆகும். துளசி, கற்பூரவல்லி இரண்டும் வெயில் குறைந்தாலும் ஓரளவு தாங்கும். கிரேக்க வீடுகளின் ஜன்னலிலும் துளசி இனத்துச் செடிதான் இருக்கிறது. தொட்டிக்கடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசுவும் வரும், மாநகராட்சி ஊழியரும் வருவார்.

கதவுக்கு நீலம் அடிப்பவர்கள், இரும்புக் கதவானால் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு ஒரு கை கொடுத்த பிறகே அடிக்க வேண்டும். உப்புக் காற்று யாரையும் மன்னிப்பதில்லை.

இத்தனையையும் எப்போது செய்வது? மே மாதம் போனஸ் கையில் இருக்கிறதே என்று அவசரப்பட்டால், ஜூன் மழையில் புதுச் சுவர் நனையும். கணபதி விசர்ஜனம் முடிந்து, சுவர் இரண்டு மூன்று வாரம் காய்ந்த பிறகு, தசராவுக்கும் தீபாவளிக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மிஸ்திரிகளுக்குக் கிராக்கி அதிகம். ஆகஸ்டிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. வெள்ளையடிக்கும் வேலைக்கு மட்டும் மிஸ்திரி வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மட்டையும் போதும்.