தோட்டாவிற்குள் ஒரு தீப்பொறி

துப்பாக்கி என்றதும் நம் கண் முன் தோன்றுவன குழலும் குதிரையும் குண்டுமே. குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்துக்கு முதல் தீ எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தோட்டாவின் அடிப்புறத்தில், சட்டைப் பித்தானைக் காட்டிலும் சிறியதாக, ஓர் உலோகக் கிண்ணம் பதிந்திருக்கும். அதற்குப் பிரைமர் என்று பெயர். அந்தச் சிறு பொருளைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

தீபாவளியன்று சிறுவர்கள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு வெடியை நீங்கள் அறிவீர்கள். அதற்கு நெருப்பு வைப்பதில்லை, தட்டினால் வெடிக்கிறது. பிரைமரும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கிண்ணத்தினுள் அதிர்ச்சி தாங்காத ரசாயனக் கலவை சிறிதளவு அடைக்கப்பட்டிருக்கும். அதற்கு எதிரே பட்டடை போன்ற ஓர் உலோக முனை இருக்கும். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் மோதியதும், கலவை இரண்டுக்கும் இடையே நசுங்கி வெடிக்கிறது. பிறக்கும் சுடர் ஒரு சிறு துளையின் வழியே பாய்ந்து வெடிமருந்தைப் பற்ற வைக்கிறது.

இவ்வசதி எளிதில் கிட்டியதன்று. முற்காலத் துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல்லே பொறி தந்தது. குழலுக்கு வெளியே ஒரு தட்டில் மருந்தைத் தூவி, அதன் மீது பொறி விழச் செய்வார்கள். மழை பெய்தால் மருந்து நனைந்துவிடும். தட்டில் தோன்றும் ஒளிக்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே சிறு தாமதமும் உண்டு. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், நீர்ப்பறவை வேட்டையில் விருப்பமுடையவர். ஒளியைக் கண்ட பறவைகள் குண்டு வருமுன் தப்பிவிடுவதைக் கண்டு சிந்தித்தார். தட்டினால் வெடிக்கும் ரசாயனப் பொருளைக் கொண்டு தீ மூட்டும் முறையை வகுத்து, 1807-இல் காப்புரிமை பெற்றார். 1800-இல் எட்வர்டு ஹோவர்டு என்னும் ஆங்கில வேதியியலார் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி வெளியிட்டிருந்த ஆராய்ச்சியும் இத்துறைக்கு வழி திறந்தது. பின்னர் இக்கலவையைச் செப்பு மூடிகளில் அடைக்கும் வழக்கம் பரவிற்று.

1834-இல் இங்கிலாந்தின் ஊல்விச் நகரில் இரு முறைகளையும் ஆயிரக்கணக்கான முறை சுட்டுச் சோதித்தனர். புதிய முறையில் ஒரு முறை தவறினால், பழைய முறையில் ஏறத்தாழ 26 முறை தவறிற்று. இந்த எண்ணின் பொருளை 1841 மே மாதம் சீனத்தின் கான்டன் நகருக்கு அருகே கண்டார்கள். முதல் அபினிப் போரில், சென்னைப் படையின் 37-ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஒரு பிரிவு, பெருமழையில் தன் துணையை விட்டுப் பிரிந்து பகைவரால் சூழப்பட்டது. சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து ஊமையாயின. அவ்வீரர்கள் துப்பாக்கி முனை ஈட்டிகளை நம்பியே நிற்க நேர்ந்தது. செப்பு மூடித் துப்பாக்கிகளுடன் வந்த கடற்படை வீரர்களே அவர்களை மீட்டனர். ஒரு சிட்டிகை மருந்தில் எத்தனை உயிர்கள் அடங்கியிருந்தன என்பதை இதனால் அறியலாம்.

1866-இல் இருவர் இருவகைப் பிரைமர்களை வகுத்தனர். அமெரிக்கராகிய பெர்டன், பட்டடையைத் தோட்டாக் கூட்டிலேயே அமைத்தார். ஆங்கிலேயராகிய பாக்சர், பிரைமருக்குள்ளேயே அமைத்தார். விந்தை யாதெனில், பெர்டன் முறை ஐரோப்பாவிலும், பாக்சர் முறை அமெரிக்காவிலும் வேரூன்றின. பாக்சர் கூட்டின் நடுவே ஒரே துளை உண்டு. அதன் வழியே ஒரு கம்பியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதில் தள்ளிவிடலாம். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் பழக்கம் அமெரிக்க வேட்டைக்காரரிடையிலும் குறி சுடுவோரிடையிலும் பரவியதற்கு இது ஒரு காரணம். இக்கலையில் புதிதாகப் புகுவோருக்கு அங்கே கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்று, பிரைமரைத் தேர்ந்தெடுப்பதாகும்.

குறுக்களவில் சிறியது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். அளவு பொருந்தினால் போதும் என்று எண்ணுவது தவறு. 45 ஏ.சி.பி. என்னும் கைத்துப்பாக்கித் தோட்டாவும், 30-06 என்னும் ரைஃபிள் தோட்டாவும் பொதுவாகப் பெரிய பிரைமரையே ஏற்கும். ஆயினும் முன்னதில் எழும் அழுத்தத்தின் எல்லை சதுர அங்குலத்திற்கு 21,000 பவுண்டு. பின்னதில் 60,000 பவுண்டு. கைத்துப்பாக்கியின் அடி மெல்லியது. ஆதலால் அதன் பிரைமர்க் கிண்ணமும் மெல்லிய தகட்டாலானது. அதனை ரைஃபிளில் இட்டால் கிண்ணம் துளைபட்டு, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். ரைஃபிளுக்குரிய பெரிய பிரைமரோ உயரம் மிக்கது. கைத்துப்பாக்கித் தோட்டாவில் வெளியே துருத்தி நிற்கும். துருத்தி நிற்பது, குதிரையைத் தட்டுமுன்னரே வெடிக்க இடமாகும். மாக்னம் என்னும் வகை மிகுந்த வெப்பம் தருவது. மெல்ல எரியும் மருந்து நிறைந்த பெருந்தோட்டாவிற்கு உரியது. காரணமின்றி அதனைச் சேர்த்தால் அழுத்தம் உயரும். ஆகவே, சோதித்து வெளியிட்ட அளவைப் பட்டியலில் கண்ட பிரைமரையே கொள்ள வேண்டும். வேறொன்றை மாற்றினால், மருந்தின் அளவைக் குறைத்து மீண்டும் படிப்படியாகச் சோதிக்க வேண்டும். பிரைமர்களை அவற்றின் மூலப் பெட்டியிலேயே வைப்பதும் நியதி. ஒரு கண்ணாடிக் குப்பியில் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்க, அனைத்தும் தொடர்ந்து வெடிக்கும்.

கலவையும் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. பாதரசம் பித்தளைக் கூட்டை நொறுங்கச் செய்தது. பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் விட்டுச் சென்ற உப்பு, ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. பின்னர் ஈயச் சேர்மங்கள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. ஈயப் புகை உடலுக்குக் கேடு என்பதால், ஈயமற்ற கலவைகளும் இன்று வந்துள்ளன. ஒரு தீமையை நீக்கப் புகுந்து மற்றொன்றைக் காண்பதும், அதனையும் நீக்க முயல்வதும் விஞ்ஞானத்தின் இயல்பென்றே நான் கருதுகிறேன்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றமாகும். ஆதலால் இது நீங்கள் செய்து பார்ப்பதற்குரிய வித்தை அன்று. ஆனால் இதனுள் பொதிந்த பாடம் உங்கள் ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும். உருவில் ஒத்த இரு பொருள்கள் தன்மையிலும் ஒத்தவை என்று கொள்ளாதீர்கள். அளவு அறிந்து, காரணம் அறிந்து, பின்னரே கை வையுங்கள்.