ஏன்? எப்படி? – ஆய்வுக்கூடத்தில் வளரும் மூளைத் திசு

உழவர்கரையைச் சேர்ந்த கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளுக்குக் கைநடுக்கத்தோடும் தளர்நடையோடும் வரும் பார்க்கின்சன் நோயாளியின் மூளையிலிருந்து, கட்டிக்குச் செய்வதுபோல ஒரு துணுக்கை அறுத்தெடுத்து ஏன் பரிசோதிப்பதில்லை? நடுமூளையின் கருநிறப் பகுதியில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் மடிவதே அத்தளர்ச்சிக்கு மூலகாரணமெனினும், அவ்விடத்தில் கத்தி வைப்பது அபாயகரமானது. எலியை நாடினாலோ, அவ்வணுக்களைக் கறுக்கச் செய்யும் நியூரோமெலனின் என்னும் நிறமி அதன் மூளையில் இயல்பாகத் தோன்றுவதில்லை.

எப்படிச் சமாளித்தார்கள்? 2007இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா, மனிதத் தோலின் உயிரணுக்களைக் கருவுக்கு ஒப்பான ஆதிநிலைக்குத் திருப்பிக் காட்டினார். இத்தகைய மூல உயிரணுக்களுக்கு, கருவில் நடுமூளை உருவாகுங்கால் கிடைக்கும் ரசாயனச் சமிக்ஞைகளை அதே கிரமத்தில் அளித்தால், அவை தாமே திரண்டு பச்சைப்பயறளவு உருண்டைகளாகின்றன. 2016இல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் வளர்த்த நடுமூளைத் திசுவில் டோபமைன் சுரந்ததோடு, நியூரோமெலனின் கரும்புள்ளிகளும் தென்பட்டன.

நோயாளியின் அணுக்களிலிருந்தே வளர்க்கும்போது அவருடைய மரபணுப் பிழையும் உடன்வருவதால், பிழை திருத்திய திசுவோடு ஒப்பிட்டுக் கேட்டின் தொடக்கத்தைக் காணவும், புது மருந்துகளைச் சோதிக்கவும் இயலுகிறது. ஆயினும் இரத்தக் குழாய்களோ, முதுமை எய்திய மூளையின் முதிர்ச்சியோ இவ்வுருண்டைகளுக்கு இல்லை. ஆகவே இவை சிகிச்சை அல்ல, சிகிச்சையைத் தேடும் சாதனமே.