அன்று தும்பா, இன்று குலசை

மணப்பாட்டுக் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் வாசலில் நின்றால் மூன்று பக்கமும் கடல். வடக்கே குலசேகரப்பட்டினம், எங்கள் வாயில் குலசை. மறுபக்கம் பெரியதாழை வரை நீளும் கரை. கரைக்கு உள்ளே தேரிக்காடும் பனையும். நாங்கள் சின்ன வயதில் பார்த்த காட்சியில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் மாதவன்குறிச்சி, பள்ளக்குறிச்சி, படுக்கப்பத்து நிலங்களைச் சேர்த்து, 2,200 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், செயற்கைக்கோள் ஏவும் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் மாதம் ஏவுதளக் கட்டுமானத்துக்குப் பூமி பூசையும் முடிந்தது.

இந்தச் செய்தி ஊரில் பரவிய நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை. ராக்கெட் வந்து இறங்கிய முதல் கடற்கரைக் கிராமம் இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்காகவே தும்பாவுக்குப் போனேன்.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி வழியாகத் தெற்கே இறங்கினால், காவல்கிணறு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை சாலைக்கு நெருங்கி வரும். அந்த மலையடிவாரத்தில்தான் மகேந்திரகிரி. நிலவுக்குப் போன ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்களை நெருப்பு மூட்டிச் சோதிக்கும் இடம். அதைக் கடந்து நாகர்கோவில், பிறகு திருவனந்தபுரம். நகரத்தின் வடக்கு ஓரத்தில், தென்னந்தோப்புக்கும் அரபிக்கடலுக்கும் நடுவில் தும்பா.

விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, சோதனை முடித்து உள்ளே போனால், ராக்கெட் மாதிரிகள் நிற்கும் ஒரு தோட்டம். அதன் நடுவே ஒரு மாதா கோயில்போல ஒரு கட்டடம். போல என்ன, கோயிலேதான். மகதலா மரியாள் பெயரில் எழுந்த தேவாலயம். இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். எங்கள் ஊர்க் கோயிலில் மக்கள் முழந்தாளிட்டு நிற்கும் நடுக்கூடம் எப்படியோ அப்படியே ஒரு கூடம். அங்கே செபமாலைக்குப் பதில் ராக்கெட்டுகளும் செயற்கைக்கோள் மாதிரிகளும். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று என் கால்கள் ஒரு கணம் தயங்கின.

தயங்கியதற்குக் காரணம் உண்டு. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கியது எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில். மணப்பாட்டுக் குன்றின் கீழே அவர் தங்கிய குகை இன்றும் இருக்கிறது. இங்கிருந்துதான் அவர் திருவிதாங்கூர்க் கரைக்கும் போனார். தும்பாக் கோயிலின் தொடக்கத்தையும் அவரோடு சேர்த்துத்தான் அந்தப் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். ஆக, அது எங்களுக்கு அந்நியக் கோயில் இல்லை. ஒரே தாய்வீட்டில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காள் வீடு மாதிரி.

அன்று என்ன நடந்தது?

1962-ல் விக்ரம் சாராபாய் தலைமையில் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தது. ராக்கெட் விட அவருக்கு ஒரு கரை வேண்டும். ஏதோ ஒரு கரை என்றால் உதவாது. பூமியின் காந்தநடுக்கோடு தும்பாவுக்குப் பக்கத்தில் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் வானத்தில் ஓர் ஆற்றைப்போல மின்னோட்டம் பாய்கிறது. பலூன் அந்த உயரத்துக்கு எட்டாது. செயற்கைக்கோளால் அவ்வளவு தாழப் பறக்க முடியாது. சிறிய ஆய்வு ராக்கெட்டால்தான் அதற்குள் நுழைந்து அளந்து வர முடியும். இயற்கை கோடு கிழித்த இடம் அது. மாற்றிக்கொள்ள வழி கிடையாது.

ஆனால் அந்த இடத்தில் மீனவர்களின் வீடுகள் இருந்தன. அவர்கள் கும்பிடும் கோயில் இருந்தது. பக்கத்தில் ஆயர் இல்லம் இருந்தது. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராவைப் போய்ப் பார்த்தார். ஆயர் தானாக முடிவு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரச் சொன்னார். கூடியிருந்த சனத்திடமே விஷயத்தை எடுத்துச் சொல்லி, இந்தக் கோயிலைக் கொடுக்கலாமா என்று கேட்டார். சனம் ஆமென் என்றது. இந்த நிகழ்ச்சியை, பின்னர் அங்கே பொறியாளராக வேலை செய்த அப்துல் கலாம் தம் எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். குடும்பங்கள் பக்கத்தில் பள்ளித்துறைக்குக் குடிபெயர்ந்தன. அங்கே அவர்களுக்குப் புதுக் கோயில் எழும்பியது.

பழைய கோயில் பட்டறை ஆயிற்று. செபக்கூடம் கலாமின் முதல் ஆய்வுக்கூடம். ஆயரின் அறை வரைபடம் போடும் இடம். அந்தக் கூடத்தில் நின்றபடி நான் நினைத்துப் பார்த்தது கலாமின் அப்பாவை. ராமேஸ்வரத்தில் அவர் ஒரு படகு கட்டினார். தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிப்போகும் மரப்படகு. கடற்கரையில் அந்தப் படகு பலகை பலகையாக உருவெடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கலாம். பின்னால் ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் தூத்துக்குடியில் தோணி கட்டும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து அடிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, பெரிய பொருள் ஒன்றைக் கையால் கட்ட முடியும் என்ற நம்பிக்கை தானாக வந்துவிடும். கலாமின் முதல் பட்டறை தும்பாக் கோயில் இல்லை. ராமேஸ்வரத்துக் கரையில் அப்பா படகு கட்டிய மணல்தான்.

1963 நவம்பர் 21. அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட்டின் பாகங்களைக் கோயில் கட்டடத்துக்குள் வைத்துக் கோத்தார்கள். கோத்து இணைப்பதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. லாரியில் ஏற்றி ஏவுமிடத்துக்குக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி ஏவியின் மேல் வைக்க வேண்டிய நேரத்தில், கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு. ராக்கெட் சாயத் தொடங்கியது. பொழுதோ சாய்ந்துகொண்டிருக்கிறது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து கையாலேயே தூக்கி வைத்தார்கள். மாலை 6.25-க்கு ராக்கெட் கிளம்பியது. உயரே போய் அது உமிழ்ந்த சோடிய ஆவி அந்திவானத்தில் செம்மஞ்சள் மேகமாகப் படர்ந்தது. அந்த மேகம் நகரும் போக்கை வைத்து மேல்வானத்துக் காற்றைக் கணக்கிட்டார்கள்.

கரைவலை இழுத்தவர்களுக்கும் வள்ளத்தை மணலில் ஏற்றியவர்களுக்கும் இது தெரிந்த வேலை. இயந்திரம் கைவிடும்போது கரையில் நிற்கிற கைகள் கூடும்.

தும்பா என்றவுடன் எல்லார் நினைவுக்கும் வருவது இன்னொரு காட்சி: சைக்கிளின் பின்புறத்தில் ராக்கெட்டின் முனைக்கூம்பு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த படம். அதைப் பார்த்து ஏழ்மை என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகின் முதல் விமானத்தைச் செய்த ரைட் சகோதரர்களின் பட்டறையே ஒரு சைக்கிள் கடைதான். 1903-ல் பறந்த அந்த விமானத்தின் பாகங்கள் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், சைக்கிள் பழுதுபார்த்த மேசையிலும் கடைசல் இயந்திரத்திலும் உருவானவை. அந்தக் கடையின் அருமை தெரிந்த ஹென்றி ஃபோர்டு, 1937-ல் அதைப் பெயர்த்து மிச்சிகனுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டிக் காப்பாற்றினார். அங்கே ஒரு பெரும் பணக்காரர் செய்ததை, இங்கே கோயிலை இடிக்காமல் வைத்திருந்ததன் மூலம் நம் விஞ்ஞானிகள் செய்தார்கள்.

அன்றிலிருந்து இன்றைக்கு வருவோம்.

முதல் ராக்கெட் இரவல் ராக்கெட். நான்கு ஆண்டுகளில், 1967 நவம்பர் 20 அன்று, 75 மில்லிமீட்டர் விட்டமே உள்ள நம்முடைய முதல் ரோகிணி ராக்கெட் அதே தும்பாவிலிருந்து ஏறியது. 1968-ல் இந்திரா காந்தி அந்த ஏவுநிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். 1980 ஜூலை 18-ல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து செய்த எஸ்.எல்.வி.-3, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. இன்றைய எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் எடை 640 டன். 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவின் தென்பகுதியில் இறங்கிய கலத்தை எடுத்துச் சென்றது அதுதான். ஆனாலும் தும்பா ஓய்வு பெற்றுவிடவில்லை. மேல்வானத்து வானிலையை அளக்கும் ஆர்.எச்.-200 என்ற சின்ன ராக்கெட்டுகள் இன்றும் அங்கிருந்து ஏறுகின்றன. 2022 நவம்பரில் தொடர்ச்சியாக 200-வது முறையாக அது வெற்றிபெற்றது. கோயில் நினைவுச்சின்னம், அதன் பக்கத்து மணலோ இன்னும் வேலை செய்கிறது.

தும்பாவைத் தேர்ந்தெடுத்தது காந்தநடுக்கோடு என்றால், குலசையைத் தேர்ந்தெடுத்தது இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே விடும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது. அதனால் முதலில் விலகிப் போய், பிறகு வளைந்து திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட்டுக்கு அந்தச் சுற்றுவழி தாங்கும். 500 கிலோ மட்டுமே சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டுக்குத் தாங்காது. வளைவதற்கே சக்தி தீர்ந்து, சுமக்கும் எடை குறைந்துவிடும். குலசையிலிருந்து தெற்கே நேராகப் பார்த்தால் இலங்கை இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அப்புறம் அண்டார்டிகா வரை கடல்தான். காற்றும் நீரோட்டமும் பார்த்துத் தோணியை விட்ட எங்கள் தண்டல்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். நேர்வழி கிடைக்கிற இடத்தில்தான் துறைமுகம் அமையும்.

ஆனால் எங்கள் கரைக்கு இன்னொரு நினைவும் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-ல் நடந்தது. தும்பாவில் முதல் ராக்கெட் ஏறியது 1963-ல். கொற்கைக் காலத்திலிருந்து முத்துக்குளித்த ஒரு கரை தன் தொழிலை முடித்துக்கொண்ட இரண்டாவது ஆண்டில், பக்கத்துக் கரையில் வேறொரு தொழில் பிறந்திருக்கிறது. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. கப்பல் வந்தது, கண்டெய்னர் வந்தது. சலாபக் காலத்தில் கரையில் ஒரு நகரம்போல எழும்பிய கொட்டகைகள் மட்டும் போன இடம் தெரியவில்லை. எந்த முத்துப் பாரில் எத்தனை பேர் குளித்தார்கள், கல்லைக் கட்டி இறங்கியவனின் கயிற்றைக் கரையேறும்வரை பிடித்திருந்தவன் யார் என்பதெல்லாம் பெரியவர்கள் பேச்சோடு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சலாபக் கொட்டகையையாவது அப்படியே வைத்திருந்தால் நம் பிள்ளைகள் உள்ளே போய் நின்றிருப்பார்கள், நான் தும்பாவில் நின்றதுபோல.

அதனால்தான் குலசையைப் பற்றி இப்போதே பேச வேண்டியிருக்கிறது. நிலம் கொடுத்தவர்களில் பனையேறிகள் உண்டு, விவசாயிகள் உண்டு. உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் நாடறிந்தது; அதற்குப் பதநீர் தந்த பனைகள் நின்ற பூமி இந்தத் தேரி. ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடியாதே, அன்றைய வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கும் மீனவர்களின் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குத் தெளிவான, எழுத்தில் உள்ள பதில் வேண்டும். தும்பாவில் கோயிலைக் கொடுக்கலாமா என்று சனத்தின் முன்னாலேயே கேட்டார்கள். கொடுத்த சனத்துக்கு வேறு கோயில் கட்டிக் கொடுத்தார்கள். கேட்டு வாங்கியதால்தான் அந்தக் கொடை அறுபது ஆண்டுகள் கழித்தும் மரியாதையோடு பேசப்படுகிறது.

இஸ்ரோவுக்கும் தமிழக அரசுக்கும் எங்கள் கரையின் வேண்டுகோள் இதுதான். வேலிக்குள் போன நிலத்தில் ஒரு பனங்கூட்டத்தையும், பதநீர் காய்ச்சிய ஒரு விடிலியையும் இடிக்காமல் அப்படியே காப்பாற்றுங்கள். பக்கத்தில் ஒரு வள்ளத்தை நிறுத்துங்கள். நிலம் கொடுத்த ஊர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வாசலில் வையுங்கள். மணப்பாடு, குலசை, உடன்குடி, பெரியதாழைப் பள்ளிப் பிள்ளைகள் சிறப்பு அனுமதி எதுவும் இல்லாமல் வந்து போக ஒரு கதவைத் திறந்து வையுங்கள். ராக்கெட்டைத் தூரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு. அதை எந்தக் கைகள் கோத்தன என்று கிட்டே நின்று பார்ப்பது வேறு. படகு கட்டுவதைக் கிட்டே நின்று பார்த்த ஒரு பிள்ளை என்னவாக ஆனான் என்பது நமக்குத் தெரியும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. திருவனந்தபுரம் பக்கம் போனால், பிள்ளைகளைத் தும்பாக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். எங்கள் குலசையிலிருந்து முதல் ராக்கெட் ஏறும் நாளில், நானும் என் பேரப்பிள்ளைகளோடு மணப்பாட்டுக் குன்றில் நிற்பேன்.