கடற்சிங்கக் குட்டிகளின் நிர்ப்பீடனம்: இயற்கையும் சமூகமும் பற்றிய சில குறிப்புகள்

நோயெதிர்ப்பு என்பது உடலின் உள்விவகாரம் என்றே பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளது. கிருமி வெளியிலிருந்து வருகிறது. உடல் அதனை எதிர்க்கிறது. இவ்விரண்டுக்குமிடையே சமூகத்துக்கு இடமில்லை என்பதே இக்கருத்தின் சாரம். காட்டு விலங்குகளைப் பொறுத்தவரை இது மேலும் வலுப்பெறுகிறது. ஏனெனில், அவை வரலாற்றுக்குப் புறம்பானவை என நாம் எண்ணிப் பழகியுள்ளோம். கலபாகஸ் தீவுகளின் கடற்சிங்கக் குட்டிகள் பற்றி லீட்ஸ் பல்கலைக்கழகத்தையும் இலண்டன் விலங்கியற் கழகத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் நடத்தி 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மீள்பரிசீலனை செய்யத் தூண்டுகிறது. இலக்கியத் துறையினராகிய நாம் இதனை ஈண்டு எடுத்துக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

குட்டி பிறக்கும்போது அதன் நிர்ப்பீடனத் தொகுதி முழுமை பெற்றிருப்பதில்லை. சீல், கடற்சிங்கம் முதலியவற்றில் சூல்வித்தகத்தினூடாகத் தாயிடமிருந்து சேயை அடையும் பிறபொருளெதிரிகள் சொற்பமே. பெரும்பகுதி சீம்பாலின் வழியே கிடைக்கிறது. அப்பாதுகாப்புத் தற்காலிகமானது. அது தேய்ந்துசெல்ல, குட்டி தான் எதிர்கொள்ளும் கிருமிகளை இனங்கண்டு, தனக்குரிய பிறபொருளெதிரிகளைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். இவ்வாக்கத்துக்குப் புரதமும் சக்தியும் வேண்டும். வளர்ச்சிக்கும், உடல் வெப்பத்தைக் காக்கும் கொழுப்புப் படைக்கும் அவையே வேண்டும். தாய் கடலில் இரைதேடித் திரும்பும்வரை கரையிற் காத்திருக்கும் குட்டியிடம் இக்கையிருப்பு மட்டுப்பட்டது. ஆகவே நோயெதிர்ப்பு இலவசமாகக் கிடைப்பதன்று; உடல் அதற்கு விலை கொடுக்கிறது.

அவ்விலை எங்கும் ஒரே அளவினதா என்பதே ஆய்வின் வினா. சான் கிறிஸ்தோபல் தீவில் மாகாணத் தலைநகர் அமைந்துள்ளது. அங்கே கடற்சிங்கங்கள் நகரக் கடற்கரையிலேயே ஈன்று வாழ்கின்றன. சாந்தா ஃபே மனிதக் குடியிருப்பற்ற தீவு. இரு தீவுகளின் குட்டிகளும் வளருங்கால் அவற்றின் குருதியும் தோல்மடிப்பின் தடிப்பும் மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டன. நகரத் தீவில் பிறபொருளெதிரிகளின் அதிகரிப்பு உடல்நிலையின் நலிவோடு இணைந்து காணப்பட்டது. குடியிருப்பற்ற தீவில் அத்தகைய இணைவு காணப்படவில்லை.

இணைவு மாத்திரம் காரணத்தை நிறுவிவிடாது. ஒரு தீவை இன்னொரு தீவோடு ஒப்பிடும்போது, மனிதர் அல்லாத வேறுபாடுகளும் உடன்வருகின்றன. எனினும் கழிவுநீரும் வீட்டு நாய் பூனைகளும் புதிய கிருமிகளைக் குட்டிகளிடம் கொண்டுசேர்க்கக்கூடும் என்பதும், அவற்றுக்கெதிராக இடையறாது இயங்கும் உடல் தன் கையிருப்பை இழக்கும் என்பதும் பொருத்தமான விளக்கமே.

இவ்விடத்தில் ‘மனிதனே குற்றவாளி’ என்று கூறி அமைவது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. ஈக்குவடோரின் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இத்தீவுகளில் 1950ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,300 பேரே வாழ்ந்தனர்; 2010ஆம் ஆண்டின் குடித்தொகை 25,000க்கு மேற்பட்டது. 2023ஆம் ஆண்டில் வந்த பயணிகள் 3 இலட்சத்துக்கும் அதிகம். இப்பெருக்கத்தை இயக்கியது மனித சுபாவமன்று. தீண்டப்படாத இயற்கை எனும் காட்சியை விற்பனைப் பண்டமாக்கிய சுற்றுலாத் தொழிலே முதன்மையாக இயக்கியது. பிழைப்புக்காகப் பெருநிலத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளியையும், அவன் வளர்க்கும் நாயையும் மட்டும் குற்றஞ்சாட்டுவது இவ்வுறவை மறைப்பதாகும். விற்கப்படும் பண்டமே அவ்விற்பனையின் விளைவுகளால் நலிவுறக்கூடும் என்பதே இதிலுள்ள முரண்பாடு.

மனிதனுக்கும் இயற்கைக்குமிடையே உழைப்பின் வழி நிகழும் பொருட்பரிமாற்றத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் ஆராய்ந்தார். அப்பரிமாற்றம் ஒரு குட்டியின் குருதியளவுக்கும் ஊடுருவக்கூடியது என்பதை இவ்வாய்வின் துணைகொண்டு நாம் கருதிப்பார்க்கலாம். நடைமுறை முக்கியத்துவமும் இதற்கு உண்டு. பாதுகாப்புத் திட்டங்கள் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுமாயின், பட்டினி வந்தால் தாக்குப்பிடிக்க இயலாத உடல்களையும் நலமுள்ளவையாகவே கணக்கிட்டுவிடும். எண்ணிக்கை குறையும்வரை காத்திராது, கழிவுநீர் எங்கே செல்கிறது, அதனைச் சுத்திகரிக்கும் செலவை யார் ஏற்பது என்ற வினாக்களை இப்போதே எழுப்ப வேண்டியுள்ளது.